பறவைகளுக்காக வாதாடிய பெண்மணி



டி.டி.ரி. என்ற மருந்தின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மன்னாரிலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களானால், மலேரியாத் தடை இயக்கத்தார் தெளிகருவியுடன் வந்து சுவர்களுக்கும் கூரைக்கும் மருந்தடித்த காலத்தை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1946ஆம் ஆண்டில் இலங்கையில் ஏறத்தாழ 28 இலட்சம் மலேரியா நோயாளர் இருந்தனர். டி.டி.ரி. அடிக்கத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் சென்றபின், 1963இல், நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேர் மாத்திரமே.

இத்துணை நன்மை செய்த மருந்தைப் பற்றி, அதற்கு முந்திய ஆண்டிலே, அமெரிக்காவில் ஒரு பெண்மணி எச்சரிக்கை நூலொன்றை எழுதினார். அவரைப் போற்றியோரும் உண்டு. இலட்சக்கணக்கான ஏழைகளின் சாவுக்கு அவரே காரணர் என்று பழித்தோரும் உண்டு. இவ்வழக்கு இன்றுவரை ஓயவில்லை. அவர் பெயர் றேச்சல் கார்சன். அவருடைய வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்ளுங்கள். தீர்ப்பைப் பின்னர் நீங்களே சொல்லலாம்.

ஆற்றங்கரைப் பிள்ளை

பென்சில்வேனியா மாநிலத்திலே, அலெகெனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி றேச்சல் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. வீட்டைச் சுற்றி 65 ஏக்கர் நிலம் இருந்தது. கையிலே காசுதான் இருக்கவில்லை. தாயார் மரியா திருமணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர். மகளைத் தோப்புக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று பறவையையும் பூச்சியையும் பூவையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். ஒரு பிள்ளைக்குத் தாய் கொடுக்கக்கூடிய சீதனங்களில் இது சிறியதன்று என்பதைப் பின்னர் காண்பீர்கள்.

எழுத்தில் பெருவிருப்புடைய இச்சிறுமியின் கதையொன்று, அவருக்குப் பதினொரு வயதாயிருக்கையில், சிறுவர் சஞ்சிகை ஒன்றில் அச்சாகியது. கல்லூரிக்குச் சென்றதும் ஆங்கில இலக்கியம் படிக்கவே. ஆனால் அங்கே மேரி ஸ்கிங்கர் என்னும் ஆசிரியை உயிரியலைக் கற்பித்த விதம் அவரை ஈர்த்துக்கொண்டது, பாடத்தை மாற்றினார். எழுத்தாளராகும் கனவு இத்தோடு முடிந்தது என்றே எண்ணினார். எழுதுவதற்கான பொருள் அப்போதுதான் தம் கைக்கு வந்தது என்பதை அவர் அன்று அறியவில்லை.

1929இல் பட்டம் பெற்றார். அந்தக் கோடையிலே வூட்ஸ் ஹோல் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றபோதுதான், இருபத்திரண்டாவது வயதில், முதன்முதலாகக் கடலைக் கண்டார். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்குத் தொடர்ந்து படிக்க வீட்டு நிலைமை இடங்கொடுக்கவில்லை. 1935இல் தந்தையார் காலமானார். 1937இல் அக்காவும் இறந்தபோது, அவருடைய இரு பெண்பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு றேச்சலுக்கும் தாயாருக்கும் வந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அரசாங்க உத்தியோகமும் கடல் நூல்களும்

மீன்பிடித் திணைக்களத்தார் வானொலியில் கடல்வாழ் உயிர்களைப் பற்றிய நிகழ்ச்சியொன்றை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தனர். அந்தப் பணி றேச்சலுக்குக் கிடைத்தது. 1936இல் அங்கேயே நிரந்தர உத்தியோகம் ஏற்றார். திணைக்களத்துக்காக அவர் எழுதிய கட்டுரையொன்றைப் படித்த மேலதிகாரி, இது அரசாங்க வெளியீட்டுக்கு மிஞ்சிய தரமுடையது, நல்ல சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். 1937இல் அது வெளியாயிற்று. அதிலிருந்து பிறந்த முதல் நூல் 1941 நவம்பரில் வந்தது. அடுத்த மாதமே அமெரிக்கா போரில் இறங்கிற்று. நூலை வாங்குவார் இல்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. பகலில் உத்தியோகம், இரவில் எழுத்து. பத்தாண்டுகளின் பின், 1951இல், நம்மைச் சூழ்ந்துள்ள கடலைப் பற்றி அவர் எழுதிய நூல் 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. 1952இல் அதற்குத் தேசிய நூற்பரிசு கிடைத்தது. அந்த ஆண்டிலேயே உத்தியோகத்தைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். மெயின் மாநிலக் கடற்கரையிலே சிறு வீடொன்றைக் கட்டிக்கொண்டு, வற்றுக்காலத்தில் பாறைக் குட்டைகளைக் குனிந்து பார்ப்பதில் மகிழ்ந்திருந்தார். அவ்வாறே அவர் எஞ்சிய வாழ்நாளையும் கழித்திருக்கலாம். புகழுக்கும் குறைவில்லை, பொருளுக்கும் குறைவில்லை.

ஒரு கடிதம்

டி.டி.ரிக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். போர்க்காலத்திலே பேனையும் நுளம்பையும் கொன்று படைவீரரையும் அகதிகளையும் அது காத்தது உண்மை. போர் முடிந்ததும் அதே மருந்து வயலுக்கும் காட்டுக்கும் வீதியோர மரங்களுக்கும் விமானத்திலிருந்தே கொட்டப்பட்டது. 1945இலேயே இதைப்பற்றிக் கட்டுரை எழுத றேச்சல் விரும்பினார். அவர் அணுகிய சஞ்சிகை ஏற்கவில்லை.

1958 ஜனவரியில் மசாசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து ஒல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழி ஒரு கடிதம் அனுப்பினார். நுளம்பை ஒழிக்கவென விமானம் மருந்து தெளித்துச் சென்றது. தம் வளவிலே காத்துவந்த பறவைகள் அலகைத் திறந்தபடி, கால்கள் சுருண்டு, செத்துக்கிடந்தன என்று அதில் எழுதியிருந்தார். றேச்சல் முதலில் வேறொரு பிரபல எழுத்தாளரை இதைப்பற்றி எழுதத் தூண்டினார். நீங்களே எழுதுங்கள் என்று அவர் பதில் அனுப்பினார். கடலைப் பாடிய கை, நஞ்சைப் பற்றி எழுத இறங்கிற்று.

நஞ்சு நடந்த வழி

வாசகரே, அவர் சேர்த்த சான்றுகளில் இரண்டை மட்டும் இங்கே தருகிறேன். விஷயம் முழுவதும் இவற்றுள் அடங்கும்.

கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்றொரு ஏரி. அங்கே கடிக்காத ஒருவகைச் சிறு பூச்சி பெருகித் தொல்லை கொடுத்தது. டி.டி.ரியின் உறவான டி.டி.டி. என்ற மருந்தை ஏரியில் கலந்தார்கள். 5 கோடி பங்கு நீருக்கு 1 பங்கு என்ற மிகச் சிறிய அளவே கலந்தார்கள். சிறிது காலத்தில் ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் மடிந்தன. சோதித்துப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. நீரிலிருந்த நஞ்சு நுண்ணுயிர்களில் ஏறத்தாழ 250 மடங்காகச் சேர்ந்திருந்தது. அவற்றைத் தின்ற சிறு மீன்களில் மேலும் கூடியது. பெரிய மீன்களில் இன்னும் கூடியது. மீனைத் தின்ற பறவைகளின் கொழுப்பிலே நீரிலுள்ளதைவிடப் பல்லாயிரம் மடங்கு இருந்தது. ஆயிரம் சோடிக்கு மேலிருந்த பறவைகள் சுமார் முப்பது சோடியாகக் குறைந்தன. இம்மருந்து நீரில் கரைந்து போவதில்லை, கொழுப்பில் தங்குகிறது. ஒன்றை ஒன்று தின்னத் தின்ன அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிப் பெருகுகிறது.

மற்றது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளவில் நடந்தது. எல்ம் மரங்களைக் காக்க 1954 முதல் டி.டி.ரி. அடித்தார்கள். மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழு தின்றது. அடுத்த வசந்தத்தில் றொபின் பறவைகள் வந்து அப்புழுக்களைத் தின்றன. நடுங்கி நடுங்கிச் செத்தன. மரத்துக்கு அடித்த மருந்து, மாதங்கள் சென்றபின், மரத்திலே கூடு கட்ட வந்த பறவையைக் கொன்றது.

இவற்றையெல்லாம் அவர் எளிதாக எழுதிவிடவில்லை. 1957இல் தாம் வளர்த்த மருமகளுள் ஒருத்தி இறந்தபோது அவளுடைய ஐந்து வயது மகனைத் தத்தெடுத்துக்கொண்டார். 1958 டிசெம்பரில் தாயார் இறந்தார். 1960இல் அவருக்கே மார்பகத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. வைத்தியர் உண்மையை அவரிடம் மறைத்தார். புற்றுநோய் பரவிவிட்டதென்பதை அவ்வாண்டின் இறுதியிலேதான் அறிந்தார். மூட்டு வீக்கமும் கண் அழற்சியும் வேறு. நோயைப் பற்றி வெளியார் எவருக்கும் சொல்லவில்லை. தம் நோயினாலேதான் மருந்துகளைத் தூற்றுகிறார் என்று எதிரிகள் சொல்ல இடங்கொடுக்கக்கூடாது என்பதே அவர் எண்ணம். நூலின் பின்னே ஆதாரக் குறிப்புகள் மட்டும் ஐம்பது பக்கத்துக்கு மேல் சேர்த்தார்.

எதிர்ப்பு

மௌன வசந்தம் என்ற பொருள்படும் பெயருடன் 1962 செப்டெம்பர் 27ஆம் திகதி நூல் வெளிவந்தது. அதற்கு முன்னரே ஜூன் மாதத்தில் சஞ்சிகையொன்றில் சில பகுதிகள் வந்து நாட்டை உலுக்கியிருந்தன. இரசாயன உற்பத்தியாளர் ஒருவர் வழக்குத் தொடுப்போம் என்று பதிப்பாளரை மிரட்டினார். பிரசாரத்துக்குப் பெரும் பணம் செலவிடப்பட்டது. அவர் விஞ்ஞானி அல்லர், உணர்ச்சிவசப்பட்ட பெண் என்றார்கள். பிள்ளை பெறாதவருக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி ஏன் இந்தக் கவலை என்று கேட்டவரும் உண்டென்பர்.

1963 ஏப்ரல் 3ஆம் திகதி தொலைக்காட்சியில் இவ்விவாதம் ஒளிபரப்பாக இருந்தது. ஐந்து விளம்பரதாரரில் மூவர் விலகிக்கொண்டனர். ஆயினும் நிகழ்ச்சி நடந்தது. ஆத்திரத்துடன் பேசிய எதிராளியையும் அமைதியாக விடையளித்த றேச்சலையும் மக்கள் ஒருங்கே கண்டார்கள். மே 15ஆம் திகதி, ஜனாதிபதி கெனடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அது பெரும்பாலும் அவர் கூற்றை உறுதிப்படுத்திற்று. ஜூன் மாதத்தில் செனற் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். நிற்கவும் நடக்கவும் வருந்திய காலம் அது.

1964 ஏப்ரல் 14ஆம் திகதி, ஐம்பத்தாறாம் வயதில், றேச்சல் கார்சன் காலமானார். அவர் அஸ்தியின் ஒரு பகுதி தாயாரின் கல்லறை அருகே புதைக்கப்பட்டது. மறு பகுதி அவர் நேசித்த மெயின் கடலிலே தூவப்பட்டது.

விதைத்தவர் காணாத அறுவடை

பருந்தினங்களின் உடலிற் சேர்ந்த டி.டி.ரி. முட்டையின் ஓட்டை மெல்லியதாக்கி, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே உடையச் செய்தது என்பது 1967இல் வெளிச்சமாகியது. 1970இல் அமெரிக்கா சுற்றாடல் பாதுகாப்புக்குத் தனி நிறுவனம் அமைத்தது. 1972இல் கமத்தொழிலில் டி.டி.ரியைத் தடை செய்தது. 1963இல் அந்நாட்டின் பெருநிலப் பரப்பில் 417 சோடியாகக் குறைந்திருந்த வெண்டலைக் கழுகு, 2007இல் ஒன்பதாயிரம் சோடிக்கு மேலாகப் பெருகி, அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2001இல் ஸ்ரொக்ஹோமில் உலக நாடுகள் கூடி, டி.டி.ரியை நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் பயன்படுத்தலாம் என்று உடன்படிக்கை செய்தன.

இனி, நம் வழக்குக்கு வருவோம். இவரால் மலேரியா திரும்பியதா? இலங்கையின் கதையைப் பாருங்கள். நோயாளர் 17 பேராகக் குறைந்ததும், இனித் தேவையில்லை என்று மருந்தடிப்பது நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. 1968இல் காய்ச்சல் மீண்டும் வெடித்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அமெரிக்காவின் தடை வந்ததோ 1972இல்! மறுபடி டி.டி.ரி. அடித்தபோது நுளம்புகள் அதற்குப் பழகிவிட்டன. 1970களில் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. நோய்ப் பூச்சிகளை ஒழிக்கவேண்டாம் என்று றேச்சல் எழுதவேயில்லை. கண்டபடி அடித்தால் பூச்சி மருந்தை வென்றுவிடும், தேவைப்படும் நாளில் அது உதவாது என்பதே அவர் எச்சரிக்கை. இரத்தப் பரிசோதனை, மருந்தூட்டிய நுளம்பு வலை, இடமறிந்து மருந்தடித்தல் ஆகிய பொறுமையான வழிகளாலேயே நம் நாடு வென்றது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது.

வாசகரே, சட்டமும் உடன்படிக்கையும் அரசுகளின் வேலை. அவை நம் தோட்டத்து வேலிவரையே வரும். வேலிக்குள்ளே நடப்பது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் மரக்கறித் தோட்டம் செய்பவரானால், போத்தலிற் குறித்த அளவுக்கு மேல் கலக்காதீர்கள். மருந்தடித்தபின் சொல்லப்பட்ட நாட்கள் கழியுமுன் கத்தரியையும் மிளகாயையும் பறித்துச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். அதைத் தின்பதும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுவது விரைவில் கீழே இறங்கும். மேலே இறைக்கும் உரம் குடிநீர்க் கிணறுகளிலே நைத்திரேற்றாகக் கலந்திருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. இல்லத்தரசிகளே, நுளம்புக்குப் புகையையும் மருந்தையும் நாடுமுன் வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டையிலும் பழைய ரயரிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கிய நீரை வாரத்துக்கு ஒருமுறை ஊற்றிவிட்டால், டெங்கு நுளம்பு பிறக்குமுன்பே ஒழியும்.

பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். குயிலையும் புலுனியையும் மண்புழுவையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். ஸ்பிரிங்டேலின் ஏழைத் தாயொருத்தி தன் மகளுக்குச் செய்தது அவ்வளவே.