ஜைத்தூன் நகரில் ஒரு முஸாபிர்

ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டு, முப்பதாண்டுகள் வரை உலகைச் சுற்றி வந்தவர்கள் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள். அவர்களுடைய யாத்திரையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. ஆனால் சீன தேசத்தில் அவர்கள் அடைந்த அனுபவத்தில் நமக்கிருக்கும் படிப்பினையை எண்ணிப் பார்ப்பவரும் குறைவே.

அவர்கள் ஹிஜ்ரி 703, ரஜப் மாதத்தில் (கி.பி. 1304) மொராக்கோவின் தன்ஜா நகரில், காழிகளின் குடும்பத்தில் பிறந்தார்கள். 1325ல், 21 வயதில், தாய் தந்தையரைப் பிரிந்து தன்னந்தனியே மக்காவுக்குப் புறப்பட்டார்கள். பின்னர் பல நாடுகளைக் கடந்து தில்லி வந்து, சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாகப் பணியாற்றினார்கள். 1342ல் சீனச் சக்கரவர்த்திக்குரிய வெகுமதிகளுடன் சுல்தான் அவர்களைத் தூதராக அனுப்பினார்.

கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் புறப்படத் தயாராக நின்றன. ஜும்ஆத் தொழுகைக்காக அவர்கள் கரையில் தங்கினார்கள். அதற்குள் புயல் எழுந்து, வெகுமதிகள் ஏற்றிய பெருங்கப்பல் உடைந்து போயிற்று. அவர்களுடைய சாமான்கள் இருந்த கப்பலோ அவர்களை விட்டு விட்டுக் கடலோடிவிட்டது. கையில் எஞ்சியது பத்து தீனாரும் படுக்கும் விரிப்பும்தான். ஜும்ஆ அவர்களை அந்தக் கடற்பயணத்திலிருந்து தடுத்து வைத்தது வல்ல நாயனின் ஏற்பாடன்றி வேறென்ன!

மாலத்தீவு, இலங்கை, நம் மதுரை, வங்காளம், சுமத்ரா வழியாக 1345 அளவில் சீனத்தின் ஜைத்தூன் துறைமுகத்தில் இறங்கினார்கள். இன்று சுவான்ஜோ என வழங்கும் ஊர் அதுவே. பெயர்தான் ஜைத்தூன், அங்கே ஜைத்தூன் மரம் கிடையாது. நூறு பெருங்கப்பல்கள் வரை துறையில் நிற்கக் கண்டார்கள். சிறு கலங்களுக்கோ கணக்கில்லை. முஸ்லிம்கள் தனிப் பகுதியில் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 400ல் கட்டப்பட்ட பள்ளிவாசலின் கற்சுவர்கள் அவ்வூரில் இன்றும் நிற்கின்றன.

அவர்கள் வந்த செய்தி அறிந்ததும் ஊர்க் காழியும், ஷைகுல் இஸ்லாமும், பெரு வணிகர்களும் தேடி வந்து கண்டார்கள். குர்ஆனை மனனம் செய்த ஷரபுத்தீன் தப்ரீஸி என்ற வணிகரும் வந்தார். முன்பு இந்தியாவுக்கு வந்தபோது அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அந்நாட்டு முஸ்லிம் வணிகர்களிடம் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. இஸ்லாமிய நாட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் மனம் மகிழ்ந்து, தங்கள் ஜகாத்தை அவருக்கே கொடுப்பார்கள். வந்தவரும் தங்களைப் போல் செழிப்படையும் வரை கொடுப்பார்கள்.

சீனத்தின் நல்லொழுங்கை அவர்கள் மனம் திறந்து பாராட்டினார்கள். பெரும் பொருளோடு தனியே செல்பவருக்கும் அங்கே வழியில் அச்சமில்லை. சத்திரங்களில் இரவில் பிரயாணிகளின் பெயர்களை எழுதிக்கொண்டு கதவைப் பூட்டுவார்கள். காலையில் எண்ணிப் பார்த்தே அனுப்புவார்கள். ஆயினும் தவ்ஹீதின் ஒலி கேளாத தெருக்களில் நடக்க அவர்களுக்கு மனமில்லை. அவசியமின்றி வெளியே செல்லாதிருந்தார்கள். ஒரு முஸ்லிமைக் கண்டால் சொந்தக் குடும்பத்தைக் கண்டது போலிருந்தது.

அங்கே வேறோர் ஊரில், தம் தன்ஜாவுக்கு அருகிலுள்ள ஸப்தா நகரத்தார் ஒருவரைச் சந்தித்தார்கள். ஊர்ப் பேச்சு எழுந்ததும் இருவரும் அழுதுவிட்டார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் அந்த மனிதரின் சகோதரரை ஸஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் அவர்கள் கண்டபோது, உடன்பிறந்த அவ்விருவருக்கும் இடையில் உலகமே விரிந்து கிடந்தது!

1349ல் ஊர் திரும்பியபோது தந்தையும் இல்லை, தாயும் இல்லை. சில மாதங்களுக்கு முன்தான் கொள்ளை நோயில் தாயார் வஃபாத்தாகியிருந்தார்கள். பின்னும் சில பயணங்கள் செய்து, 1355ல் தம் யாத்திரை நூலைச் சொல்லி எழுதுவித்து, காழியாகவே இருந்து 1368 அளவில் வஃபாத்தானார்கள்.

ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் அவர் செல்வந்தராயிருப்பினும், வழியில் பொருளற்றுப் போனால் அவருக்கு அதில் உரிமை உண்டு. ஜைத்தூன் வணிகர்கள் இதனை அறிந்து நடந்தார்கள். நாமோ எத்தனை ஊர்களில் இஷாத் தொழுதவுடன் பள்ளியைப் பூட்டிக்கொண்டு, திண்ணையில் மூட்டையோடு அமர்ந்திருக்கும் முஸாபிரைத் திரும்பியும் பாராமல் வீடு செல்கிறோம்! அவர் எந்த ஊர், உண்டாரா, படுக்க இடமுண்டா என்று கேட்க ஒரு நிமிடம் போதுமே. நம் பிள்ளைகளும் அந்நிய ஊர்களில்தான் பிழைக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

முஸாபிர்களின் ஹக்கை நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.