கல்வெட்டுக்கு வெளியே பிறந்தவர்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நாமும் பார்த்தோம். பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும், ஊர்ச் சபையை எப்படி அமைப்பது என்று வெட்டி வைத்த எழுத்துகள் அங்கே வரிவரியாக நிற்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சூதறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழ் மண்ணில் இப்படியோர் ஏற்பாடா என்று நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும், தவறில்லை.

ஆனால் தோழர்களே, மற்ற வரிகளையும் படிக்க வேண்டும்! யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போகலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். மிகக் கற்றவனுக்கு நில அளவில் சலுகையும் உண்டு. அப்படியானால் அந்த நிலத்தை உழுதவன் எங்கே? அந்தக் குடத்தை வனைந்தவன் எங்கே? அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவன் எங்கே? நிலமும் இல்லை, மனையும் இல்லை, வேதம் அவன் காதில் விழுவதே குற்றம். நீதி சுவரில் இருந்தது; அவன் சுவருக்கு வெளியே இருந்தான்.

அந்த வெளியிலிருந்து ஒருவர் வந்தார். உத்திரமேரூருக்குத் தொலைவில்லாத மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் அவர் பிறந்த ஊர். இன்று உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டம், கோழியாளம் செங்கற்பட்டு மாவட்டம் என்று பிரிந்து கிடந்தாலும், அந்நாளில் இரண்டும் ஒரே செங்கற்பட்டுச் சீமைதான். அவர்தாம் இரட்டைமலை சீனிவாசன்.

அவர் வாழ்க்கையை இன்று நாம் நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஆலை நாளை திறக்குமா மூடுமா என்று தெரியாது. அரசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவன் நாளைக்கும் நிற்பானா என்பதே தெரியாது. இப்படிப்பட்ட வேளையில் ஒரு கூட்டத்தை நீதிக்காக எப்படிக் கட்டிக் காப்பது? தொழிற்சங்கத் தோழரும் கிளைச் செயலாளரும் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. சீனிவாசனார் வாழ்க்கையே இதற்கு விடை. அதில் வெற்றியும் உண்டு, வழுக்கலும் உண்டு. இரண்டையும் சொல்லுவோம்.

இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர். 1859, 60ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் சீனிவாசன். ஏழ்மையும் சாதிக் கொடுமையும் துரத்த, குடும்பம் தஞ்சைக்குப் போயிற்று. அங்கிருந்து கோவைக்குப் போயிற்று. கோவையில் அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய நானூறு பிள்ளைகள். பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். அந்தப் பையன் யாரோடும் பழகவில்லை. விளையாடவில்லை. பழகினால் ஊர் கேட்பார்கள், உறவு கேட்பார்கள், வீடு எங்கே என்பார்கள். எனவே பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்கோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகு உள்ளே நுழைவார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சம், பாடத்தைவிடப் பெரிய பாடமாக அவருக்குக் கற்பிக்கப்பட்டது.

படித்து முடித்து நீலகிரியில் வெள்ளையர் வணிக நிலையத்தில் கணக்கராக இருந்தார். வயிறு நிறையும் வேலை. பேசாமல் இருந்திருந்தால் பெயர் தெரியாத ஒரு கணக்கப்பிள்ளையாக வாழ்ந்து முடிந்திருக்கலாம். 1890இல் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தின் நிலை என்ன? அவர் பிறந்த செங்கற்பட்டுச் சீமையில் நிலமெல்லாம் மிராசுதார் கையில். படியாளின் குடிசை நின்ற மனைகூட மிராசுதாருடையதே. கூலி போதவில்லை என்றால் மனையைக் காலி செய் என்பார்கள். வாயைத் திறந்தால் வாசல் போய்விடும்! மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் இந்த அவலத்தையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் தரலாம். பத்தாண்டுவரை அதை விற்க முடியாது. அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்க முடியும். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதுதான்.

ஆணை பிறந்தது. ஆனால் எழுத்தறியாத சேரிக்கு அந்த ஆணையை யார் படித்துச் சொல்வது? மணியக்காரரா? கணக்கரா? அவர்களே மிராசுதாரின் உறவு அல்லவா?

இங்கேதான் சீனிவாசனார் ஒரு காரியம் செய்தார். 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. இதழின் பெயர் பறையன்! பெயரைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தனர். எந்தச் சொல் காதில் விழுந்துவிடுமோ என்று பள்ளி வாசலில் பதுங்கியிருந்தாரோ, அந்தச் சொல்லையே தலைப்பெழுத்தாக அச்சடித்துத் தெருவில் விற்றார். சென்னையில் மட்டும் முதல் இரண்டு நாளில் நானூறு படிகள் விற்றன. மாத இதழ் விரைவிலேயே வார இதழாயிற்று. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனவனை வேறு எதைச் சொல்லி மிரட்ட முடியும்? ஒரு கூட்டம் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும் நாளில்தான் அது கூட்டமாகிறது. அதுவரை அது கும்பல்.

அவருடைய தமக்கை முறையிலும் கருத்து முறையிலும் நெருங்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். சீனிவாசனாரின் உடன்பிறந்தாளை மணந்தவர். பண்டிதருக்கோ அந்தப் பெயரே பிடிக்காது. அவர் அமைத்தது திராவிட மகாஜன சபை. 1907இல் நடத்தியது ஒரு பைசாத் தமிழன். பெயரில் பிணக்கு, வழியில் வேற்றுமை. எதிரி யார் என்பதில் மட்டும் இருவருக்கும் ஐயமில்லை. கருத்து வேறுபட்டவுடன் கொடியை இரண்டாகக் கிழிக்கும் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 1893இல் இன்னொரு சோதனை வந்தது. சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டனர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் படித்திருந்தவர் யார்? தேர்வு எழுதி அதிகாரியாகி வந்து அமரப்போகிறவர் யார்? கிணற்றில் நீர் மொள்ள விடாதவனே மாவட்டத்துக்கு அதிபதியானால் மனு கொடுக்கத்தான் எங்கே போவது? டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையொப்பம் வைத்தனர். மனுவின் நீளம் 112 அடி! அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போயிற்று. அவர் முடிவு சரியா தவறா என்று வாதிடுவோர் வாதிடட்டும். 3412 பேர் தம் பெயரை ஒரு தாளில் பதித்தார்கள். குடவோலைக் குடத்துக்குள் ஒருநாளும் போகாத பெயர்கள் அவை. அது சிறிய செய்தியா?

வழுக்கலையும் சொல்லுவோம் என்றோம். 1900இல் அவர் கடல் கடந்தார். இதழ் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் இருந்துவிட்டு, இருபது ஆண்டளவில் கழித்துத்தான் தாயகம் திரும்பினார். தலைவர் கப்பலேறினால் ஏடும் நின்றுபோகும் என்றால், அந்த ஏட்டைத் தாங்க நான்கு தோள்கள் பழக்கப்படவில்லை என்று பொருள். அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஒரே தூணில் பந்தல் போடாதீர்கள் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

திரும்பி வந்தவரை 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தார்கள். பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலம். 1924 ஆகஸ்டில் சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையில், தெருவில், எந்த வகுப்பினரும் நடக்கலாம். பொதுக் கிணற்றையும் குளத்தையும் பொது அலுவலகத்தையும் மற்றவரைப் போலவே பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. தெருவில் நடக்க ஒரு தீர்மானம்! தண்ணீர் குடிக்க ஓர் ஆணை! இப்படியொன்று தேவைப்பட்ட நாடு என்று எண்ணும்போதே தலை குனிகிறது.

1930. ஆட்சி கைமாறப் போகிறது என்ற பேச்சு எழுந்தது. யார் கைக்கு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் இருவர் போனார்கள்: ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் எழுபது வயதுக் கிழவர் சீனிவாசன். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது, தாம் தீண்டப்படாதவர் என்பதை அவர் ஒளிக்கவில்லை. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்க, விளக்கிச் சொன்னார். கேட்டுத் திடுக்கிட்ட மன்னர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். கோவைப் பள்ளியின் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்!

1932இல் தனித் தொகுதி கிடைத்தது. காந்தியார் ஏரவாடாச் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சீனிவாசனாரும் கையொப்பமிட்டார். மாகாணச் சட்டசபைகளில் இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. தனித் தொகுதி போயிற்று. பெற்றதையும் இழந்ததையும் ஒரே நாளில் சுமக்க வேண்டிய கொடுமை அது. 1935இல் இந்து மதத்தை விட்டு வெளியேறுவேன் என்ற முடிவை அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் அதற்குள் இருந்தால் அல்லவா வெளியேற வேண்டும் என்ற கருத்தைச் சீனிவாசனார் கொண்டிருந்தார். வழி வேறாயிற்று, நோக்கம் வேறாகவில்லை. 1945 செப்டம்பர் 18இல் கண் மூடினார். 2000இல் அவர் படத்தோடு அஞ்சல்தலை வந்தது.

அஞ்சல்தலையோடு கதை முடிந்துவிடவில்லை. 1892இல் தந்த நிலம் எங்கே? எத்தனையோ ஊர்களில் பஞ்சமி நிலம் பட்டா மாறி, வேலி மாறி, பிறர் கையில் கிடக்கிறது. அவர் பிறந்த அதே சீமையில் காரணை ஊர்ப் பஞ்சமி நிலத்தைக் கேட்டெழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்கள் பலியாயின. ஆணை எழுதி நூற்றிரண்டு ஆண்டு கழித்து!

எழுதி வைத்த நீதி தானாக நடப்பதில்லை. அதற்குக் கால்கள் வேண்டும். அந்தக் கால்கள் நம்முடையவை. உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண் எது என்று கிளைத் தோழருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையே தாலுகா அலுவலகத்துக்கு நடங்கள். தனியே போகாதீர்கள்; நால்வராகப் போங்கள். கேட்டதை எழுதிக் கொடுங்கள். எழுதியதில் எல்லாரும் கையொப்பமிடுங்கள். காலம் எப்படித் திரும்பும் என்று சீனிவாசனாருக்கும் தெரியாது. தெரிந்தபின் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

உத்திரமேரூர்ச் சுவரை மீண்டும் பார்க்கப் போகிறவர்கள், அப்படியே கோழியாளத்துக்கும் ஒருநடை போய்வாருங்கள்.