எல்லை காந்தி கேட்ட இரண்டு மணி நேரம்

நம் சங்கத்தை வளர்த்த பெரியவர்களைப் பற்றி எழுத, அவர்களோடு கூடவே நின்று உழைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முப்பதுகளில் இருக்கும் நாம் அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுவதுதான் மரியாதை. இந்தப் பொன்விழா மலருக்காக நாம் எடுத்துக்கொண்டவர் நம் ஊரையோ நம் மொழியையோ சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவர் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் அவரை எல்லை காந்தி என்பார்கள். முழுப் பெயர் கான் அப்துல் கஃபார் கான். அவருடைய மக்கள் அழைத்தது பாச்சா கான், அதாவது பாதுஷா கான் என்று.

காந்தியடிகளின் பக்கத்தில், அவரைவிட ஒரு முழம் உயரமாக, குனிந்து நடந்து வரும் படத்தில்தான் நம்மில் பலர் அவரைப் பார்த்திருப்போம். அந்தப் படத்தாலேயே அவர் இன்னொருவரின் நிழலாகிவிட்டாரோ என்று நமக்கு ஓர் எண்ணம் உண்டு. காந்தியைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் தம் வேலையைத் தொடங்கிவிட்டார்.

அவருடைய மக்கள் பட்டாணியர்கள். நம் பாட்டனார் காலத்துத் தமிழ் ஊர்களில் வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் ஈட்டிக்காரன் என்று ஒருவரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அந்த ஈட்டிக்காரர்கள் வந்த திசைதான் வடமேற்கு எல்லைப்புறம். ஒருவரை ஒருவர் பழிவாங்குவதைக் கடமையாகவே வைத்திருந்த சமுதாயம் அது. பாட்டன் காலத்துக் கொலைக்குப் பேரன் கணக்குத் தீர்ப்பான். துப்பாக்கி இல்லாத ஆண்மகனை அங்கே ஆணாகவே மதிப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை வைத்து வியாபாரம் செய்வதை அவர்கள் இழுக்காக நினைத்தார்கள். வியாபாரத்தாலேயே ஊர்விட்டு ஊர் வந்து தலையெடுத்த நமக்கு இது வியப்பாக இருக்கும். அந்த எண்ணத்தையும் பாச்சா கான் மாற்ற முயன்றார்.

1890-இல் பெஷாவருக்கு அருகே உத்மான்ஸை என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை பஹ்ராம் கான் நிலபுலன் உள்ளவர். அண்ணன் டாக்டர் கான் சாஹிப் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனவர். தம்பிக்கு ஆங்கிலேயப் படையின் புகழ்பெற்ற கைட்ஸ் பிரிவில் சேர வாய்ப்பு வந்தது. அந்நாளில் அது பெரிய அந்தஸ்து. ஆனால் அந்தப் படையில் இருந்த தம் நண்பரை ஓர் ஆங்கில அதிகாரி எல்லார் முன்பும் அவமானப்படுத்தியதைக் கண்ணால் பார்த்ததும் அந்த ஆசையை விட்டுவிட்டார். அண்ணனைப் போல இங்கிலாந்து போகவும் வழி இருந்தது. ஒரு மகனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுத் தவித்த தாய் இரண்டாமவரை விடவில்லை. அவரும் தாய் சொல்லைத் தட்டவில்லை.

ஊரிலேயே இருப்பது என்றான பிறகு, 1910-இல் உத்மான்ஸையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். வயது இருபது. தூரங்ஸை ஹாஜி சாஹிப் என்ற மார்க்கப் பெரியவரோடு சேர்ந்து மேலும் பள்ளிகளைத் திறந்தார். ஆங்கிலேய அரசு அவற்றை மூடியது. அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் நம்மை அதிகம் கவர்ந்தது. 1915 முதல் மூன்று ஆண்டுகளில் எல்லைப்புற மாவட்டங்களின் 500 கிராமங்களுக்கும் சென்றார். போன இடமெல்லாம் பொதுத் திண்ணையில் உட்கார்ந்து ஊர்மக்களோடு பேசினார். எதற்காகச் சண்டை, கல்யாணத்துக்கு ஏன் இவ்வளவு கடன், பிள்ளைகளை ஏன் படிக்க வைக்கவில்லை என்பதுதான் பேச்சு. இந்த ஆண்டுகளை ஒட்டித்தான் பாதுஷா கான் என்ற பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

இடையில் 1918-இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் மனைவியை இழந்தார். அடுத்த ஆண்டு ரௌலட் சட்டத்தை எதிர்த்ததற்காக முதல் சிறைவாசம்.

1921-இல் உத்மான்ஸையில் ஆசாத் பள்ளி என்று மறுபடியும் ஒன்றைத் திறந்தார். அரசின் தலைமை அதிகாரி இந்த முறை மகனை விட்டுவிட்டுத் தந்தையைக் கூப்பிட்டு, வேறு யாரும் செய்யாத வேலையை உங்கள் மகன் மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டார். பெரியவரும் வீட்டுக்கு வந்து மகனிடம் பள்ளியை விட்டுவிடும்படி சொல்லிப் பார்த்தார். மகன் வாதாடவில்லை. எல்லாரும் தொழுகையை விட்டுவிட்டால் என்னையும் விடச் சொல்வீர்களா வாப்பா என்று கேட்டார். தந்தை பதறிப்போய் மறுத்தார். கல்வி கொடுப்பதும் அதைப் போன்ற கடமைதான் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மகனைத் தடுக்கவே இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் பள்ளி நடத்தியவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. காலில் விலங்கோடு சிறையில் மாவரைத்தார். அவர் உள்ளே இருந்தபோதே தாயும் இறந்துபோனார். 1926-இல் தந்தை. அதே ஆண்டு ஹஜ்ஜை முடித்து ஜெரூசலம் சென்றபோது படியில் தவறி விழுந்து இரண்டாவது மனைவியும் இறந்தார். அதன்பின் அவர் மணம் செய்யவில்லை.

1928-இல் பக்தூன் என்ற மாத இதழைப் பஷ்தூ மொழியிலேயே கொண்டு வந்தார். அந்தச் சமுதாயத்தில் அந்தக் காலத்தில் பெண்களும் அதில் எழுதினார்கள் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

1929 நவம்பரில் குதாயி கித்மத்கார் அமைப்பு பிறந்தது. இறைவனின் ஊழியர்கள் என்று பொருள். இறைவனுக்கு நம் ஊழியம் எதுவும் தேவையில்லை, ஆகவே அவன் படைப்புக்குச் செய்யும் ஊழியமே அவனுக்குச் செய்வது என்பது அவர்களுடைய விளக்கம். சேருகிறவர் சத்தியம் செய்ய வேண்டும். யாரையும் அடிக்க மாட்டேன், அடித்தவரைப் பழிவாங்க மாட்டேன், துன்புறுத்தியவரை மன்னிப்பேன், குடும்பப் பகையை விடுவேன், கூலியோ பதவியோ எதிர்பார்க்க மாட்டேன் என்றெல்லாம். அதில் ஒரு வாக்கு சிறியதாகத் தோன்றும். ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு மணி நேரம் பொதுவேலை செய்வேன் என்பது அது.

நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இதன் கனம் தெரியும். நோன்புக் கஞ்சிக்கு, கல்வி நிதிக்கு, ஜனாஸாச் செலவுக்கு என்று யாராவது வந்தால் கல்லாவைத் திறந்து வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. சனிக்கிழமை மாலை கடையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் துணைப்பாட வகுப்புக்கு மேசை நாற்காலி போட வா என்றால்தான் கை பின்னுக்குப் போகிறது. எந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலும் நன்கொடைக் கணக்கு வளர்ந்தே வருகிறது, தொண்டூழியர் பட்டியல்தான் மெலிகிறது. பாச்சா கான் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த ஏழை விவசாயிகளிடம் இருந்திருக்காது. நேரம் எல்லாரிடமும் இருந்தது. அதைக் கேட்டார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தார்கள்? தெருவைக் கூட்டினார்கள், ராட்டை சுற்றினார்கள், மாவரைத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், ஊர்ச் சண்டைகளைப் பேசித் தீர்த்தார்கள். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையும் குத்தகைக்காரனும் ஒரே விளக்குமாற்றைப் பிடித்தார்கள். இத்தனைக்கும் படை என்ற பெயருக்குக் குறைவில்லை. பதவி வரிசை உண்டு, அணிவகுப்பு உண்டு, முரசும் பைப் வாத்தியமும் உண்டு. துப்பாக்கி மட்டும் இல்லை. வீரத்தை விரும்பும் மக்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொண்டவர் வீரத்தின் மிடுக்கை அவர்களிடமே விட்டுவைத்தார். அமைப்பு நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய சூட்சுமம் இது.

சீருடைச் சங்கதி நமக்குப் பிடித்தது, துணி வியாபாரம் செய்கிறோம் அல்லவா. முதலில் அவர்கள் உடுத்தியது வெள்ளை. புழுதியில் வேலை செய்ததில் அழுக்கு ஏறிப் பார்க்க முடியவில்லை. ஒருவர் தம் சட்டையைத் தோல் பதனிடும் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்த மரப்பட்டைச் சாயத்தில் முக்கி எடுத்தார். செங்கல் நிறத்தில் வந்தது. மலிவு, அழுக்கும் தெரியவில்லை. மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். செஞ்சட்டைப் படை என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் இந்தச் சிவப்பைப் பார்த்து ரஷ்யாவின் கை இருக்கிறது என்று பயந்துபோனார்கள்!

அகிம்சை அவருக்குக் கடன் வாங்கிய சரக்கு அல்ல. மக்காவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் கல்லடியும் வசையும் பட்டுப் பொறுமை காத்த ஆண்டுகளைத்தான் அவர் கிராமத்து மக்களுக்கு நினைவூட்டினார். ஸப்ரு என்ற சொல் அவர்களுக்குத் தொழுகையிலிருந்தே தெரியும். அதை ஓர் ஆயுதமாகப் பிடிக்கச் சொன்னார்.

சோதனை வரப் பல மாதங்கள் ஆகவில்லை. 1930 ஏப்ரல் 23 அன்று உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி அவர் கைதானார். தமிழ்நாட்டில் ராஜாஜியின் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். பெஷாவரில் கிஸ்ஸா கானி கடைத்தெருவில் கூட்டம் திரண்டது. கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன, துப்பாக்கிச் சூடு தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் விழுந்தால் பின்னால் இருந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். திருப்பி அடிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வைத்திருக்கும் மக்கள் அவர்கள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. இறந்தவர்களின் எண்ணிக்கையை அரசு குறைத்துச் சொன்னது, மக்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள். கர்வால் படைப்பிரிவைச் சேர்ந்த இந்துச் சிப்பாய்கள், ஆயுதம் இல்லாதவர்களைச் சுட மறுத்தார்கள். அவர்களை முன்நின்று நடத்திய சந்திர சிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முஸ்லிம்கள் நிறைந்த கூட்டத்துக்காகத் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்த அந்த இந்துச் சிப்பாயின் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு கிராமங்களில் வேட்டை நடந்தது. செஞ்சட்டைக்காரர்களை உடை களைந்து அடித்தார்கள், குளிர்நீரில் தள்ளினார்கள், வீடுகளை எரித்தார்கள். பலனோ நேர்மாறு. நூற்றுக்கணக்கில் இருந்த படை பல்லாயிரமாகப் பெருகியது. பாச்சா கான் குஜராத் என்ற பஞ்சாப் ஊரின் சிறையில் இந்து, சீக்கியக் கைதிகளோடு கீதையும் கிரந்தமும் படித்து, அவர்களுக்குக் குர்ஆன் வகுப்பும் நடத்திக்கொண்டிருந்தார்.

1937-இல் அண்ணன் டாக்டர் கான் சாஹிப் எல்லைப்புற மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அரசியல் நெடுங்கதையை இங்கே விரிக்க இடமில்லை. தம்பி எந்தப் பதவியையும் ஏற்கவில்லை. 1947-இல் பீகார் கலவரத்தில் அடிபட்ட முஸ்லிம் கிராமங்களில் நடந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு பிரிவினை முடிவானபோது அவருடைய மாகாணத்துக்கு இரண்டே வழிகளோடு பொதுவாக்கெடுப்பு வைக்கப்பட்டது. அவர் அதைப் புறக்கணித்தார். கூட இருந்த காங்கிரஸ் கைவிட்டுவிட்டது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் எடுத்த அரசியல் முடிவுகள் எல்லாம் சரிதானா என்று இன்றும் இரு தரப்பிலும் வாதாடுகிறார்கள். நாம் அதற்குள் போகவில்லை. 1948-இல் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்ட அவரைப் புதிய அரசு அதே ஆண்டு ஜூனில் சிறையில் அடைத்தது. ஆகஸ்டு 12 அன்று சார்சத்தா அருகே பாப்ராவில் செஞ்சட்டைக்காரர்களின் கூட்டத்தின் மேல் சூடு நடந்தது. இந்த முறை சுட்டது ஆங்கிலேயன் அல்ல. அதுதான் வேதனை.

பிறகு வாழ்நாள் முழுக்கச் சிறை, வீட்டுக்காவல், நாடு கடந்த வாழ்வு. வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடைபட்டே கழிந்தது. ஆங்கிலேயர் வைத்திருந்ததற்குக் குறையாமல் சுதந்திர நாடும் அவரை உள்ளே வைத்திருந்தது. 1962-இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் அவரை ஆண்டின் கைதியாகத் தேர்ந்தெடுத்தது. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்காக இந்தியா வந்தபோது எழுபத்தொன்பது வயது. அப்போது அகமதாபாத்தில் கலவரம். வந்தவர் விருந்து மரியாதைகளை ஒதுக்கிவிட்டு மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். 1987-இல் இந்தியா பாரத ரத்னா வழங்கியது.

1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்போது அங்கே சோவியத் படைக்கும் முஜாஹிதீன்களுக்கும் போர் உச்சத்தில் இருந்தது. ஜனாஸாவுக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. பல்லாயிரம் பேர் கைபர் கணவாயைத் தாண்டிப் பின்னால் போனார்கள். அந்த நாளிலும் அடக்கத்தலத்துக்கு அருகே குண்டு வெடித்து உயிர்கள் போயின.

1990-களில் மானிடவியல் ஆய்வாளர் முகுலிகா பானர்ஜி அந்த மாகாணத்துக்குப் போய், உயிரோடிருந்த பழைய செஞ்சட்டைக்காரர்களில் எழுபது பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார். எல்லாரும் தள்ளாத வயதினர். அறுபது ஆண்டுகளுக்கு முன் எந்தக் கிராமத்தில் கூடினோம், என்ன வேலை செய்தோம், யார் அடித்தார்கள் என்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னதை அவர் ஒரு நூலாகவே எழுதி வைத்தார்.