விம்பிள்டனில் வென்ற லீலா ராவ்

பெண் பந்தாடினால் ஊர் வாய்பொத்திச் சிரித்த காலம் அது. லீலாவுக்கு அந்தக் கவலை இல்லை. பம்பாயில் அவருடைய அம்மா க்ஷமா ராவே டென்னிஸ் வீராங்கனை! வடமொழிக் கவிஞருங்கூட, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைக் காவியமாகப் பாடியவர்.

1934-ஆம் ஆண்டு, லண்டன் விம்பிள்டன் போட்டி. லீலாவுக்கு வயது 22. எதிரே கிளாடிஸ் சவுத்வெல். மூன்று செட்டில் இரண்டை வென்றவருக்கே வெற்றி. முதல் செட் 4-6 என்று கைவிட்டுப் போயிற்று. இரண்டாவதும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆட்டமோ இழுத்துக்கொண்டே போயிற்று. லீலா விடவில்லை. 10-8! மூன்றாவது செட் 6-2!

விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்த சுற்றில் பிரான்சின் ஐடா ஆடமாஃபிடம் தோற்றார். இந்தியாவிலோ பல முறை சாம்பியன்.

பிற்காலத்தில் நாட்டியம் பற்றி நூல்கள் எழுதினார். அம்மாவின் கதைகளை வடமொழி நாடகங்களாக்கினார்.