சிறை மீண்டவருக்குத் தொழில்: வ.உ.சி. வாழ்வு உணர்த்தும் பாடம்

தண்டனைக் காலம் முடிந்ததும் சிறைக்கதவு திறந்துவிடுகின்றது. ஆனால், தொழிலின் கதவு அத்துடன் திறப்பதில்லை. இதனைத் தம் வாழ்வில் கண்டவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம்பிள்ளை.

1872 இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தூத்துக்குடியில் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் செலுத்தினார். அக்கம்பனியின் 40,000 பங்குகளில் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாவுக்கு வாங்கித் துணைநின்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இரு சமூகத்தாரும் கைகோத்த முயற்சி அது.

1908 இல் ஆங்கில அரசு அவர்மீது இராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி, நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த அவர், 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்கு முந்திய ஆண்டே கம்பனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு வணிகம் செய்தும், அன்பர்கள் அனுப்பிய பொருளைக் கொண்டும் குடும்பத்தைக் காத்தார். அவ்வறுமையிலும் திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையை 1917 இல் பதிப்பித்தார்.

அன்பர்களின் பொருளுதவி பசியைத் தணித்ததேயன்றி வாழ்வை நிலைநிறுத்தவில்லை. வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்த பின்னரே அவரால் தம் தொழிலுக்குத் திரும்ப முடிந்தது. கோவிற்பட்டியில் வழக்காடத் தொடங்கிய அவர், அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆயினும் இழந்த ஆண்டுகளின் வறுமை முற்றாக நீங்கவில்லை. 1936 இல் அவர் காலமானார்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்று சிறையும் தடுப்பும் புனர்வாழ்வும் கண்டு திரும்பியோர் வாழ்கின்றனர். 2009 இல் போர் முடிந்தபின் தமிழ் இளைஞரும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் கைதான முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். குற்றம் நிறுவப்படாமலே விடுவிக்கப்பட்டோரையும் சந்தேகம் பின்தொடர்கின்றது.

ஒருமுறை வழங்கும் உதவிப்பணம் இவர்களுக்குப் போதாது. மீனவர் சங்கத்தில் உறுப்புரிமை, கைத்தறிக் கூடத்திலும் கடையிலும் நிலையான வேலை, உரிய அனுமதிப்பத்திரம் ஆகியனவே தேவை. அரசு ஆவனசெய்வதுடன், ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வணிகர்களும் இதில் முன்வர வேண்டும். ஒருவனுக்குத் தொழிலை மீட்டுக் கொடுத்தல், அவன் குடும்பத்தையே மீட்பதாகும்.