பாத்ரூமில் பயிற்சி, ரோமில் தங்கம்: யார் இந்த டான் தாம்சன்?

வெயில் ஏறிட்டா பத்து நிமிஷம் பஸ் ஸ்டாப்பில் நிற்கவே நமக்கு முடியறதில்லை. அப்படியொரு வெயிலில் 50 கிலோமீட்டர் நடக்கணும். ஓடக் கூடாது, நடக்க மட்டும்தான் செய்யணும். அதுக்காகத் தன் வீட்டு பாத்ரூமையே பயிற்சிக் கூடமாக மாற்றி, ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஒருவர் இருந்தார். பெயர் டான் தாம்சன். லண்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் கிளர்க்.

நடப்பதில் என்ன போட்டி?

நடைப் போட்டியை முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பாங்க. ஆனா விதிகள் கடுமையானவை. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்கணும்; இரண்டு கால்களும் காற்றில் இருப்பது நடுவரின் கண்ணில் பட்டால் தப்பு. முன்னே வைக்கும் காலின் முழங்கால் மடங்காமல் நேராக இருக்கணும். வழிநெடுக நடுவர்கள் நின்று இதைக் கவனிப்பார்கள். எவ்வளவு தூரம் முன்னணியில் இருந்தாலும், நடை பிசகினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த இடுப்பு ஆட்டமும் ஸ்டைலுக்காக இல்லை. விதியை மீறாமல் அடியை நீட்ட அதுதான் வழி.

ஓட்டக்காரர் நடைக்காரர் ஆனது எப்படி?

1933-ல் லண்டனை ஒட்டிய ஹில்லிங்டனில் பிறந்தவர் தாம்சன். ஆரம்பத்தில் ஓடிக்கொண்டிருந்தார். குதிகால் நரம்பில் ஏற்பட்ட காயம் அவரை நடைப் பக்கம் திருப்பியது. லண்டனிலிருந்து கடற்கரை ஊரான பிரைட்டன் வரை, சுமார் 85 கி.மீ. தூரம் நடக்கும் புகழ்பெற்ற போட்டி ஒன்று உண்டு. 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 8 முறை அதில் ஜெயித்தார்.

அப்போ விளையாட்டு வீரர்களுக்கு ஸ்பான்சர், சம்பளம் எதுவும் கிடையாது. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அதிகாலையில் எழுந்து நடந்துவிட்டு, அப்புறம் ஆபீஸ். அதுதான் அவரோட வாழ்க்கை.

மெல்போர்னில் விழுந்த அடி

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 50 கி.மீ. நடையில் இறங்கினார். முக்கால் தூரத்துக்கு மேல் கடந்தபின், வெயிலில் உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போனது. பந்தயத்தை முடிக்க முடியாமல் பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று.

தோல்வியைவிட அதற்கான காரணம்தான் அவரை உறுத்தியது. காலில் பலம் இருந்தது, நடையிலும் குறையில்லை. உடம்புக்கு வெயில் பழகவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஒலிம்பிக்கோ ரோமில், அதுவும் கோடைக்காலம் முடியும் முன்பே. குளிரும் மழையுமா இருக்கிற இங்கிலாந்தில் ரோம் வெயிலுக்கு எங்கே போவது?

பாத்ரூமுக்குள் ஒரு ரோம்

வெளிநாடு போய்ப் பயிற்சி எடுக்கக் காசில்லை. பெற்றோர் வீட்டு பாத்ரூமை எடுத்துக்கொண்டார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடி, உள்ளே ஹீட்டரையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் வைத்தார். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியை நிரப்பினார். வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டிராக்சூட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் உடற்பயிற்சி செய்தார்.

இதில் விஞ்ஞானம் உண்டு. தினமும் வெப்பத்தில் உழைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் உடம்பு பழகத் தொடங்கும். வியர்வை சீக்கிரமே சுரக்கும். அதில் வெளியேறும் உப்பு குறையும். ரத்தத்தில் நீரின் அளவு கூடும். இன்றைக்கு வெப்ப அறைகளில் வீரர்கள் எடுக்கும் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான்.

ஆனா அவர் அறியாத ஆபத்தும் உள்ளே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். வெப்பத்தால்தான் என்று நினைத்தார். மூடிய அறையில் எரிந்த ஸ்டவ் வெளியிட்ட கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்குப் புரிந்தது. நிறமோ வாசனையோ இல்லாத, உயிரையே எடுக்கக்கூடிய வாயு அது. எனவே அந்த உறுதியைப் பாராட்டலாம், முறையை யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

17 விநாடி வித்தியாசம்

1960 செப்டம்பர் 7, ரோம். முந்தின நாள்தான் 400 மீட்டர் ஓட்டத்தில் நம்ம மில்கா சிங் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டிருந்தார்.

ஐந்தரை அடிகூட உயரமில்லாத தாம்சன், கறுப்புக் கண்ணாடியும் பின்கழுத்தை மறைக்கும் துணி தைத்த தொப்பியுமாக வந்து நின்றார். வெயில் மற்றவர்களை வாட்டியபோது அவர் சீராக நடந்துகொண்டே இருந்தார். சளைக்காமல் போட்டி கொடுத்தவர் ஸ்வீடனின் யோன் லியூங்கிரென். 1948-லேயே இதே போட்டியில் தங்கம் வென்றவர், 41 வயதைத் தொட இரண்டே நாள் பாக்கி.

4 மணி 25 நிமிடம் 30 விநாடியில் தாம்சன் முதலில் வந்தார். புதிய ஒலிம்பிக் சாதனை. லியூங்கிரென் 17 விநாடி பின்னால். மூன்றாவது இத்தாலியின் அப்தோன் பாமிச். உள்ளூர் வீரர் தோற்றும் இத்தாலி ரசிகர்கள் தாம்சனைக் கொண்டாடினார்கள். குட்டி எலி என்ற அர்த்தத்தில் ‘டோபோலினோ’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். மிக்கி மவுஸுக்கும் அங்கே அதுதான் பெயர்! அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்தவை இரண்டே தங்கங்கள். தடகளத்தில் இது ஒன்றுதான்.

58 வயதிலும் நிற்காத கால்கள்

1962 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம்; 1964 டோக்கியோவில் 10-வது இடம். 1967-ல் பிரைட்டன் நடையில் 9-வது முறையாக வெற்றி. 1970-ல் அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. இன்ஷூரன்ஸ் வேலையை விட்டார். ஆனா நடையை மட்டும் விடவில்லை. 1991-ல், 58 வயதில், பிரான்ஸில் நடந்த 200 கி.மீ. போட்டியில் பிரிட்டன் அணிக்காக நடந்தார்.

2006 அக்டோபரில் அவர் காலமானார். அவருக்குத் தங்கம் தந்த ஆண்கள் 50 கி.மீ. நடையும் இன்று ஒலிம்பிக்கில் இல்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆனா வெயிலில் நடக்கும் எந்தப் பெரிய போட்டிக்கும் முன்பு வீரர்கள் இப்போது வெப்ப அறைக்குள் போகிறார்கள். கெட்டிலும் ஸ்டவ்வும் வைத்து அவர் செய்ததைத்தான், டாக்டர் மேற்பார்வையில், பாதுகாப்பாகச் செய்கிறார்கள்.