உச்சியில் 15 நிமிடம், பயிற்சிக் களத்தில் 22 வருடம்: டென்சிங் நார்கேயின் இன்னொரு கதை

1953 மே 29, காலை 11.30 மணி. எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்ட் உச்சியில் நின்றது சுமார் 15 நிமிடம்தான். நம்ம பாடப்புத்தகங்கள் டென்சிங்கை அந்த 15 நிமிடத்தோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால் அதற்குப் பிறகு அவர் 22 வருடம் ஒரு வேலை பார்த்தார். இளைஞர்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுத்த வேலை. இன்னைக்கு ஒரு கல்லூரி மாணவியோ என்.சி.சி. மாணவரோ மலையேற்றப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுகிறார் என்றால், அந்த ஏற்பாட்டின் தொடக்கத்தில் டென்சிங் இருக்கிறார்.

சான்றிதழ் இல்லாத இளைஞர்

டென்சிங் பிறந்தது 1914-ல். தேதி அவருக்கே தெரியாது. அதனால் எவரெஸ்ட் ஏறிய மே 29-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். யாக் மேய்க்கும் ஷெர்பா குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது. 18 வயது வாக்கில் வேலை தேடி டார்ஜிலிங் வந்தார்.

ஏன் டார்ஜிலிங்? அப்போது வெளிநாட்டவர்களுக்கு நேபாளத்தின் கதவு மூடியிருந்தது. எவரெஸ்ட்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுக்கள் டார்ஜிலிங்கில் சுமைதூக்கிகளைச் சேர்த்துக்கொண்டு திபெத் வழியாகப் போவார்கள். வேலை கேட்டு வருபவர்கள் பழைய பயணங்களின் சான்றிதழைக் காட்டணும். 1935-ல் எரிக் ஷிப்டன் ஆள் எடுத்தபோது டென்சிங் கையில் அப்படி ஒரு தாள்கூட இல்லை. கடைசி நேரத்தில்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு 1936, 1938, 1947, 1952-ல் இரண்டு முறை, கடைசியாக 1953. ஏழாவது முயற்சியில்தான் உச்சி. 1952-ல் சுவிஸ் குழு அவரைச் சுமைதூக்கிகளின் தலைவராக மட்டும் பார்க்காமல், ஏறும் குழுவின் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. அவருக்கு அது பெரிய திருப்பம்.

ஒரு டென்சிங் போதுமா?

எவரெஸ்ட்டுக்குப் பிறகு பாராட்டுகளோடு சேர்ந்து தலைவலியும் வந்தது. முதலில் கால் வைத்தது யார், டென்சிங் இந்தியரா நேபாளியா என்று ஊரே சண்டை போட்டது. நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி.சி. ராயும் வேறு ஒன்றை யோசித்தார்கள். அதுவரை இமயத்தில் பெரிய பயணங்களை நடத்தியது பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். சுமை தூக்கியது உள்ளூர்க்காரர்கள். இதை மாற்ற இந்திய இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிக்கூடம் வேண்டும்.

1954 நவம்பர் 4-ல் டார்ஜிலிங்கில் ஹிமாலயன் மவுண்டனீரிங் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக எச்.எம்.ஐ., தொடங்கியது. முதல் முதல்வர் ராணுவ அதிகாரி மேஜர் நரேந்திர தர் ஜெயால். களப் பயிற்சி இயக்குநர் டென்சிங்.

அதற்கு முன்னால் டென்சிங்கையும் வேறு சில ஷெர்பாக்களையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி, ஆர்னால்ட் கிளாட்ஹார்ட் என்ற வழிகாட்டியிடம் பயிற்சி எடுக்க வைத்தார்கள். எவரெஸ்ட்டே ஏறியவருக்கு எதுக்குப் பயிற்சி? காரணம் எளிது. ஏறுவது ஒரு திறமை, கற்றுக்கொடுப்பது இன்னொரு திறமை. கை தானாகச் செய்கிற முடிச்சைப் புதிதாக வந்தவருக்குப் படிப்படியாகப் பிரித்துக் காட்டணும். அதை உலகப் புகழோடு இருந்த 40 வயதுக்காரர் மாணவராகப் போய்க் கற்றுக்கொண்டார்.

என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

அடிப்படைப் பயிற்சி 28 நாள். டார்ஜிலிங்கில் பாறை ஏற்றம், கயிறு, முடிச்சு. அவர் பெயரிலேயே அங்கே ஒரு பயிற்சிப் பாறை இருக்கிறது. பிறகு மேற்கு சிக்கிமின் ராதோங் பனிப்பாறைப் பகுதிக்கு நடை. அங்கே ஐஸ் கோடரியால் பிடித்து நிற்பது, பனிப்பிளவைக் கடப்பது, கயிற்றில் கூட இருப்பவர் விழுந்தால் தாங்குவது.

இந்தக் கடைசிப் பாடத்துக்கு டென்சிங்கின் வாழ்க்கையிலேயே உதாரணம் உண்டு. 1953 பயணத்தில் ஹிலாரி ஒரு பனிப்பிளவில் விழுந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் கோடரியைப் பனியில் ஊன்றி அதில் கயிற்றைச் சுற்றி நிறுத்தினார். அந்தச் சில நொடி தவறியிருந்தால் உச்சிக் கதையே கிடையாது.

இன்னொன்று, திரும்பி வருவது. 1952-ல் ரேமண்ட் லாம்பெர்ட்டும் அவரும் சுமார் 8,595 மீட்டர் வரை போனார்கள். உச்சிக்கு மிச்சம் 250 மீட்டர் சொச்சம். உடம்பு ஒத்துழைக்கலை, இறங்கிவிட்டார்கள். அன்று இறங்கியதால்தான் அடுத்த வருடம் ஏற ஒரு டென்சிங் இருந்தார். குழுவைக் கூட்டிப் போகிறவர் எடுக்க வேண்டிய கஷ்டமான முடிவு இதுதான்.

பயிற்சியின் ஏணியும் இதற்கேற்ப இருக்கிறது. அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் உயர்நிலைப் பயிற்சி. அதிலும் 'ஏ' வாங்கினால்தான் கற்பிக்கும் முறைக்கான பயிற்சி. அதாவது நல்லா ஏறுகிறவர் அடுத்துப் போக வேண்டிய இடம் இன்னும் உயரமான சிகரம் மட்டுமில்லை, மற்றவர்களைக் கூட்டிப் போகக் கற்றுக்கொள்ளும் வகுப்பும்தான்.

பலனும் விலையும்

முதல்வர் ஜெயால் 1958-ல் சோ ஓயு பயணத்தில் உயிரிழந்தார். 1960-ல் இந்தியாவின் முதல் எவரெஸ்ட் முயற்சி உச்சிக்கு அருகே போய்த் திரும்பியது. 1965-ல் எம்.எஸ். கோலி தலைமையில் 9 பேர் உச்சியைத் தொட்டார்கள். அவர்களில் ஒருவர் நவாங் கோம்பு, டென்சிங்கின் உறவினர், எச்.எம்.ஐ. பயிற்றுநர். எவரெஸ்ட்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதர் அவர்தான். அதே 1965-ல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் தொடங்கியது. 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே படித்தவர்.

டென்சிங் மறுபடி எவரெஸ்ட் ஏறவே இல்லை. 1976-ல் களப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து ஓய்வு. அந்த இடத்துக்கு கோம்பு வந்தார். 1978-ல், 60 வயதைத் தாண்டிய டென்சிங், மலைநடைப் பயணங்களுக்காகச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். பிள்ளைகளை நல்ல பள்ளியில் படிக்க வைத்தார். மலையில் உயிரைப் பணயம் வைக்கும் பிழைப்பு தன்னோடு போகட்டும் என்று நினைத்தார். இத்தனை இளைஞர்களை மலைக்குக் கூட்டிப் போனவர் சொந்தப் பிள்ளைகளைத் தடுத்தது முரண்பாடாகத் தெரியலாம். சுமை தூக்கிப் பிழைத்தவருக்கு மலையின் விலை நன்றாகவே தெரியும். ஆனாலும் மகன் ஜாம்லிங் 1996-ல் எவரெஸ்ட் ஏறினார்.

1986 மே 9-ல் டென்சிங் காலமானார். அவர் உடல் எரியூட்டப்பட்டது எச்.எம்.ஐ. வளாகத்தில். 1935-ல் ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் வரிசையில் நின்றவர் தொடங்கிவைத்த பயிற்சியில், இன்றும் இளைஞர்கள் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு சான்றிதழோடு ஊர் திரும்புகிறார்கள்.